செல்போன் 'ஆப்'புக்கு அம்மன் காசு விலை வேண்டும்!

புதுக்கோட்டைக்கு ஒரு காலத்தில் சொந்தக் காசு இருந்தது.

அதன் பெயர் அம்மன் காசு. சின்னஞ்சிறு செம்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் உருவம். மறுபக்கம் 'விஜய' என்ற எழுத்து. ஒரு அணாவுக்கு இருபது அம்மன் காசு. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 320!

1948 மார்ச் மாதம் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அம்மன் காசின் காலமும் முடிந்தது.

சிறிய சாமானுக்குச் சிறிய காசு வேண்டும். சமஸ்தானத்துக்குத் தெரிந்திருந்த இந்தச் சாதாரண விஷயம், செல்போன் உலகத்துப் பெரிய முதலாளிகளுக்கு வெகு நாள் தெரியாமல் இருந்தது.

'ஆப்' என்றால் என்ன என்று இன்று குழந்தைக்கும் தெரியும். செல்போனுக்குள் இருந்து வேலை செய்யும் மென்பொருள்தான் அது. பாட்டுக் கேட்க ஒன்று, பாடம் படிக்க ஒன்று, விளையாட ஒன்று, கடைக் கணக்கு எழுத ஒன்று. இவற்றில் பல இலவசம். சிலவற்றுக்கு விலை உண்டு.

கூகுள் கம்பெனியின் 'பிளே ஸ்டோர்' கடையில், 2015-ஆம் ஆண்டு வரை, இந்தியாவில் விலைக்கு விற்கும் ஆப் எதையும் 50 ரூபாய்க்குக் கீழே விற்க முடியாது. செய்தவரே "பத்து ரூபாய்க்குக் கொடுக்கிறேன்" என்று சொன்னாலும் அந்தக் கடையில் அதற்கு இடம் இல்லை! 2015 ஜூலையில்தான் குறைந்தபட்ச விலையை 10 ரூபாய் ஆக்கினார்கள்.

அதற்குள் திருட்டுப் பிரதி ஊர் முழுவதும் பரவிவிட்டது.

கடைக்காரர் வாங்கிய காசு

ஸ்மார்ட்போன் வந்த புதிதில், தமிழ்நாட்டின் எந்தக் கடைவீதிக்குப் போனாலும் ஓர் அட்டை கண்ணில் படும். "மெமரி கார்டில் பாட்டு, படம், கேம்ஸ் ஏற்றித் தரப்படும்" என்று எழுதி, ரீசார்ஜ் கடை வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டம் மட்டும் அதற்கு விலக்கா என்ன?

இருபதோ முப்பதோ கொடுத்தால் போதும். கார்டு நிரம்பிவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டுகளும், பூட்டு உடைத்த ஆப்களும் அதில் சேர்ந்தே வரும். வாங்குகிறவருக்கு எது அசல், எது திருட்டு என்ற வித்தியாசமே தெரியாது. கடைக்காரர் கொடுத்தார், இவர் வாங்கினார். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஜனங்கள் காசு கொடுத்தார்கள்! சும்மா கேட்கவில்லை. கையில் இருந்த இருபது ரூபாயை எடுத்து நீட்டினார்கள். அதில் ஒரு தம்பிடிகூட ஆப் செய்தவருக்குப் போய்ச் சேரவில்லை.

"இந்திய ஜனங்கள் மென்பொருளுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள், திருட்டு அவர்கள் ரத்தத்தில் ஊறியது" என்று பேசும் கனவான்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கொடுக்கும் கை இருந்தது. வாங்கிக்கொள்ளும் கைதான் எட்டாத தூரத்தில் இருந்தது.

ஒரே விலை, இரண்டு கூலி

நான்கு டாலர் விலை போட்ட ஓர் ஆப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அது பெரிய விலை இல்லை. அங்கே மத்திய சர்க்கார் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 7 டாலர் 25 சென்ட். அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே வேலை செய்தால் அந்த ஆப்பை வாங்கிவிடலாம்.

அதே நான்கு டாலரை 2025-ஆம் ஆண்டு மதிப்பில் ரூபாய் ஆக்கினால், ஏறத்தாழ 340 ரூபாய் வரும். அந்த ஆண்டு ஏப்ரலில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய்.

கறம்பக்குடி பக்கம் கண்மாயில் மண் வெட்டும் ஒரு தாயின் முழு நாள் கூலியும் போய், அதற்கு மேலும் நாலு ரூபாய் வேண்டும்!

அங்கே அரை மணி. இங்கே ஒரு நாள். இரண்டு பேருக்கும் ஒரே விலைதான் என்று கம்பெனி சொன்னால், அது சமத்துவம் ஆகிவிடுமா? டாலரை ரூபாயால் பெருக்கிப் போட்டுவிட்டு, "ஏன் வாங்கவில்லை? ஏன் திருடுகிறார்கள்?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

ஆனால் ஏழ்மை எல்லாவற்றுக்கும் மன்னிப்புச் சீட்டு அல்ல. இருபதாயிரம் ரூபாய் போன் வைத்துக்கொண்டு, முப்பது ரூபாய் ஆப்பின் திருட்டுப் பிரதியைத் தேடி அலையும் பேர்வழிகளும் நாட்டில் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேச்சு இல்லை. விலை எட்டினால் வாங்கியிருப்பார்களே, அந்தப் பெருங்கூட்டத்தைப் பற்றித்தான் பேச்சு.

கடலூர் காட்டிய வழி

இதற்குப் பரிகாரம் தேடி சீமைக்குப் போக வேண்டியதில்லை. கடலூருக்குப் போனாலே போதும்.

ஷாம்பு என்பது ஒரு காலத்தில் பணக்கார வீட்டுச் சாமான். பாட்டிலில் வரும். பாட்டில் விலை கேட்டால் சாதாரணக் குடும்பம் மயங்கி விழும். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், சிறிய பையில் அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்கும் யோசனைக்கு வழி காட்டினார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். அதற்குப் பிறகு பெட்டிக் கடையில் சரம் சரமாகத் தொங்காத ஷாம்பு உண்டா?

ஷாம்பு அதே ஷாம்புதான். அளவைச் சிறிதாக்கினார்கள். விலை கைக்குள் அடங்கியது. ஒரு தலைக்குக் குளிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

மென்பொருளையும் இப்படிப் பொட்டலம் போடலாம் என்பது பிற்பாடு சில கம்பெனிகளுக்கு உறைத்தது. ஸ்பாட்டிபை என்ற பாட்டுக் கம்பெனி 2020 டிசம்பரில் இந்தியாவில் ஒரு நாளுக்கு 7 ரூபாய் என்று சீட்டுப் போட்டது. நெட்பிளிக்ஸ் என்ற படக் கம்பெனி, செல்போனில் மட்டும் பார்ப்பவர்களுக்கு என்று 2019-ல் மாதம் 199 ரூபாய் சந்தா கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் அதை 149 ஆகக் குறைத்தது. அமெரிக்காக்காரர்கள் இந்தியாவின் மேல் இரக்கப்பட்டா குறைத்தார்கள்? இல்லை. எட்டாத விலை போட்டால் ஒரு காசும் வராது, எட்டுகிற விலை போட்டால் கொஞ்சமாவது வரும் என்ற வியாபாரக் கணக்குத்தான்!

அசல் தட்டு 28 ரூபாய்!

சினிமாத் துறையும் இந்தப் பாடத்தை ஒரு தடவை படித்தது.

திருட்டு வி.சி.டி. காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பஸ் நிலையத்தில் தட்டு கிடைக்கும். தமிழக சர்க்கார் 2004-ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வி.சி.டி. ஆசாமிகளையும் அதில் சேர்த்தது. போலீசார் சோதனை போட்டார்கள், தட்டுகளை அள்ளினார்கள். ஒரு கடையை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று முளைத்தது.

2007-ல் மோசர் பேயர் என்ற கம்பெனி வந்தது. அசல் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விலை போட்டது. திருட்டுத் தட்டின் விலைக்கே அசல் இறங்கி வந்துவிட்டது! தெளிவான படம், ஒழுங்கான உறை, போலீஸ் பயம் இல்லை. பிறகு யார் மங்கலான தட்டை வாங்குவார்கள்?

கொஞ்ச காலத்தில் இன்டர்நெட் வந்து, தட்டு என்ற பொருளையே ஒழித்துவிட்டது. அது வேறு கதை.

விலை இறங்கியும் திருட்டு நிற்காதது ஏன்?

இங்கே ஒரு கேள்வி வரும். விலையைக் குறைத்தால் போதும், திருட்டு தானாக நின்றுவிடும் என்றால், ஒரு டாலர் விலை போட்ட ஆப்பும் திருடு போனது எப்படி?

நியாயமான கேள்விதான். செக் நாட்டைச் சேர்ந்த மேட்பிங்கர் என்ற கம்பெனி 2012-ல் 'டெட் டிரிக்கர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. விலை 99 சென்ட், அதாவது ஒரு டாலருக்கும் ஒரு சென்ட் குறைவு. அப்படியும் ஆண்டிராய்டு போன்களில் திருட்டுப் பிரதி நம்ப முடியாத அளவுக்குப் பரவியதாகச் சொல்லி, அந்தக் கம்பெனி விளையாட்டை இலவசமாகவே விட்டுவிட்டது.

காரணம் என்ன? பதில் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

இன்று வாட்ஸ்அப் இல்லாத வீடு குறைவு. அதற்கும் ஒரு காலத்தில் சந்தா இருந்தது. முதல் ஆண்டு இலவசம். பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டாலர். 2016 ஜனவரியில் அந்தக் கம்பெனி சந்தாவை எடுத்துவிட்டது. அப்போது அது சொன்ன காரணங்களில் முக்கியமானது இது: உபயோகிப்பவர்கள் பலரிடம் டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ இல்லை!

அதுதான் விஷயம். கீரமங்கலம் பூக்கடையில் மாலை கட்டும் பெண் ஒருத்தியிடம் பத்து ரூபாய் இல்லாமலா இருக்கும்? இருக்கும். ஆனால் அந்தப் பத்து ரூபாய் நோட்டைச் செல்போனுக்குள் எப்படித் திணிப்பது? கிரெடிட் கார்டு கேட்டால் அவள் எங்கே போவாள்? அசலுக்குப் போகும் கதவு மூடியிருந்தது. திருட்டுப் பிரதிக்குக் கதவே கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிடுவான்.

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. பிறகு நிலைமை மெல்ல மாறியது. டீக்கடையிலும் காய்கறி வண்டியிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை வந்துவிட்டது. பாங்குக் கணக்கும் போனும் இருந்தால் ஐந்து ரூபாயும் அனுப்பலாம். கூகுள் கடையும் யு.பி.ஐ. பணத்தை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. மூடியிருந்த கதவு இப்போது திறந்துவிட்டது. விலையைக் கதவுக்குள் நுழையும் அளவுக்குச் சிறிதாக்க வேண்டியதுதான் பாக்கி.

கம்ப்யூட்டர் மென்பொருளில் இந்த மாற்றத்தின் சாயல் தெரிகிறது. பி.எஸ்.ஏ. என்ற மென்பொருள் கம்பெனிகளின் சங்கம் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் கம்ப்யூட்டர்களில் இருந்த மென்பொருளில் லைசென்ஸ் இல்லாதது 2011-ல் 63 சதவீதம். 2017-ல் 56 சதவீதம். இது கம்பெனிக்காரர்கள் எடுத்த கணக்கு. செல்போனுக்கு உரியதும் அல்ல. ஆனாலும் போகும் திசை தெரிகிறது. அதே 2017-ல் உலக அளவு 37 சதவீதம் என்பதையும் பார்த்தால், போக வேண்டிய தூரமும் தெரிகிறது.

பிள்ளைகள் படிப்பு

விளையாட்டும் பாட்டும் இல்லாவிட்டால் உலகம் முழுகிவிடாது. படிப்பு அப்படி அல்ல.

'நீட்' பரீட்சை, சர்க்கார் வேலைக்கான பரீட்சை என்று வந்த பிறகு, பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆப்களுக்குக் கிராக்கி வந்துவிட்டது. விலையோ ஆயிரக்கணக்கில். ஆண்டுச் சந்தா முழுவதையும் மொத்தமாகக் கட்டு என்பார்கள். கந்தர்வகோட்டையில் சோளம் விதைக்கும் விவசாயி வீட்டில், மகளின் படிப்புக்கு அந்தப் பணத்தை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியுமா?

முடியாதபோது என்ன நடக்கிறது? 'டெலிகிராம்' என்ற ஆப்பில் அந்தப் பாடங்களின் திருட்டுப் பிரதி கிடைக்கிறது என்று தோழி சொல்வாள். பெண் அதைத் தேடிப் போவாள்.

டெல்லியில் பயிற்சி நிலையம் நடத்தும் ஓர் ஆசிரியை, தம்முடைய பாடங்களும் புத்தகங்களும் டெலிகிராமில் திருட்டுத்தனமாகப் பரவுவதாகக் கோர்ட்டுக்குப் போனார். பரப்பியவர்களின் விவரங்களைக் கொடுக்கும்படி 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராம் கம்பெனிக்கு உத்தரவிட்டது. அந்த ஆசிரியை பக்கம் நியாயம் உண்டு. இரவு பகலாக உழைத்துத் தயாரித்த பாடத்தை வேறு ஒருவன் அள்ளிப்போட்டால் வயிறு எரியாதா?

படிக்கும் பெண்ணின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவள் திருட்டுப் பாடத்தை விரும்பித் தேடவில்லை. ஒரு பாடத்துக்கு ஐந்து ரூபாய், ஒரு மாதிரிப் பரீட்சைக்கு மூன்று ரூபாய் என்று பிரித்து விற்றால் அவள் அசலையே வாங்குவாள். உயிரியலில் ஒரே ஓர் அத்தியாயம் புரியாத பிள்ளை, பௌதிகம் ரசாயனம் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக ஏன் வாங்க வேண்டும்? ஒரு வாழைப்பழம் கேட்டால் தாரைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லும் கடை உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

பூட்டை உடைத்தவன் எதற்காக உடைத்தான்?

விற்பவர்களைக் கண்டித்தாயிற்று. வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இது பணத்தைப் பற்றிய விஷயம், பாங்கில் இருக்கும் பணத்தைப் பற்றிய விஷயம்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆப் இலவசமாக வருகிறது. எப்படி வருகிறது? யாரோ ஒருவன் அசலை எடுத்துப் பிரிக்கிறான். "காசு கட்டியாயிற்றா?" என்று சோதிக்கும் பகுதியை வெட்டி எறிகிறான். மறுபடியும் மூட்டை கட்டித் தன் முத்திரையைக் குத்தி வெளியே விடுகிறான். அந்த மூட்டை 'ஏ.பி.கே.' என்ற வடிவில் வரும். 'மோட் ஆப்' என்றும் பையன்கள் சொல்வார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஓசியில் கொடுக்க, அவன் என்ன தர்மப் பிரபுவா?

மூட்டையைப் பிரித்துக் கட்டியவன் உள்ளே எதை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். போனில் வரும் குறுஞ்செய்தியைப் படிக்கும் வேவுக்காரனை வைத்திருக்கலாம். பாங்கு அனுப்பும் ஓ.டி.பி. எண் குறுஞ்செய்தியாகத்தானே வருகிறது? அது உரியவர் கண்ணில் படுமுன் அவன் கண்ணில் பட்டுவிடும். பிறகு கணக்கில் மிச்சம் என்ன இருக்கும்!

அசல் கடையில் இருந்து வந்த ஆப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், செய்தவர் அதைச் சரிசெய்து அனுப்புவார். திருட்டு மூட்டையில் வேறு ஆளின் முத்திரை இருப்பதால், அந்தத் திருத்தம் அதன்மேல் ஏறாது. ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

ஏ.பி.கே. பழக்கம் இன்னொரு வாசலையும் திறந்துவிட்டது. 2024, 2025 ஆண்டுகளில் பல மாநிலப் போலீசார் விடுத்த எச்சரிக்கைகள் பத்திரிகைகளில் வந்தன. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வரும். தொட்டால் ஏ.பி.கே. போக்குவரத்து அபராதச் சீட்டு என்று வரும். அதுவும் ஏ.பி.கே. விவசாயிகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் உதவித்தொகை என்றும் வரும். திருட்டு ஆப் போட்டுப் பழகிய வீட்டில், "வெளி ஆப்பை அனுமதிக்கலாமா?" என்று போன் கேட்கும் கேள்விக்கு, யோசிக்காமல் 'சரி' என்று அழுத்தும் பழக்கம் வந்துவிட்டிருக்கும். மோசக்காரனுக்கு அந்தப் பழக்கம் ஒன்றே போதும்.

அப்படி ஏதாவது நேர்ந்து பணம் போய்விட்டால், அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறார்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே மடக்க முடியும்.

சட்டத்திலும் தப்ப வழி இல்லை. திருட்டு என்று தெரிந்தே மென்பொருளை உபயோகிப்பது, 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்காகவோ லாபத்துக்காகவோ செய்யவில்லை என்றால், கோர்ட்டு நினைத்தால் ஜெயில் இல்லாமல் அபராதத்தோடு விடலாம். அந்த அபராதமும் 50 ஆயிரம் ரூபாய் வரை போகலாம்.

ஓசியிலும் நல்ல ஓசி உண்டு

காசே இல்லாதவர்கள் என்ன செய்வது? திருட வேண்டியதில்லை. செய்தவரே மனமுவந்து இலவசமாகக் கொடுப்பவை எத்தனையோ இருக்கின்றன.

தமிழில் எழுதும் ஆப்பையே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து விலைக்கு விற்ற நாளில், அந்த மென்பொருள்கள் டி.டி.பி. கடைகளில் கைக்குக் கை கள்ளத்தனமாகப் பரவின. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005 பொங்கல் சமயத்தில் சிங்கப்பூரில் வெளிவந்தது. பிற்பாடு ஸ்மார்ட்போன்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. செல்லினத்துக்கு யாராவது திருட்டுப் பிரதி போட்டார்களா? போட வேண்டிய அவசியமே இல்லையே!

தமிழக சர்க்காரின் 'உழவன்' ஆப் 2018-ல் வந்தது. மானியம், விளைபொருள் விலை, வானிலை எல்லாம் தமிழிலேயே பார்க்கலாம். இலவசம். படம் பார்க்க 'வி.எல்.சி.' இருக்கிறது. அதைச் செய்தவர்கள் உள்ளே இருக்கும் கணக்கையே உலகத்துக்குத் திறந்துகாட்டிவிட்டார்கள். இப்படிப்பட்டவற்றைத் 'திறமூல மென்பொருள்' என்று சொல்வார்கள். பூட்டே இல்லாத வீடு. உடைக்க என்ன இருக்கிறது?

இவற்றையும் அசல் கடையில் இருந்துதான் எடுக்க வேண்டும். பிரபலமான பெயர் என்றால் அதற்கும் போலி வந்துவிடுகிறது.

புதுக்கோட்டைத் தாய்மார்களுக்கு இது முடியாத காரியம் அல்ல. 1991-ல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துக்கு வந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் வயலில் நாற்று நட்ட பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அன்று பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படித்தவர்களுக்கு, இன்று "உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கவா?" என்று போன் கேட்பதைப் படித்து, 'வேண்டாம்' என்று அழுத்தத் தெரியாதா? மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்தால் போதும். அந்த வேலையைப் பேரனிடம் ஒப்படைத்துவிடலாம்.

பத்து ரூபாயில் என்ன மிஞ்சும்?

"பத்து ரூபாய்க்கு விற்றால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று ஆப் செய்பவர்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்து ரூபாயில் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். அது போக எட்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். இதில் கூகுள் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். முன்பு அது 30 சதவீதமாக இருந்தது. 2021 ஜூலையில், ஆண்டுக்கு முதல் பத்து லட்சம் டாலர் வருமானம் வரை 15 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்தக் கணக்கில் செய்தவர் கைக்கு ஏழு ரூபாய்க்குச் சற்று மேலே வரும்.

ஒரு லட்சம் பேர் வாங்கினால் ஏழு லட்சம் ரூபாய். விலை 340 என்று வைத்து ஆயிரம் பேர் வாங்கினால், இரண்டரை லட்சம்கூட வராது. மீதிப் பேர் திருட்டு மூட்டையைத் தேடிப் போவார்கள். மென்பொருளை ஒரு தடவை செய்துவிட்டால், லட்சமாவது பிரதிக்குப் புதிதாக அரிசி பருப்பு போட வேண்டியதில்லையே! தினமும் புதுப் பாடம், புது வரைபடம் கொடுக்கும் ஆப்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு மாதாமாதம் செலவு உண்டு. அதற்கேற்ற சந்தா கேட்கட்டும்.

"இந்தியாவில் மலிவாக விற்றால், அமெரிக்காக்காரன் இங்கே வந்து வாங்கிவிடுவானே!" என்று இன்னொரு பயம். பயம் வீண் அல்ல. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை, அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் உள்ளூர்ப் பண விலையை 2023 நவம்பரில் எடுத்துவிட்டு டாலருக்கு மாறியது. ஆனால் யு.பி.ஐ.க்குப் பெரும்பாலும் இந்திய பாங்குக் கணக்கு வேண்டும். மலிவு விலை யு.பி.ஐ.யில் கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கம்பெனிகள் விட்டுவிட வேண்டிய ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. "மூன்று நாள் இலவசம்" என்று இழுப்பார்கள். நாலாவது நாள் பாங்கில் பணம் போய்விடும். பிறகு மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தும் பட்டன் எங்கே என்று தேடினால் கிடைக்காது! தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் சொல்ல வேண்டும் என்ற ரிசர்வ் பாங்கு விதி, 2021 அக்டோபர் முதல் தேதி முழுமையாக அமலுக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனாலும் ஒரு தடவை சூடுபட்ட குடும்பம், அசல் கடையில் பாங்குக் கணக்கைச் சேர்க்கவே பயப்படும். அந்தப் பயமும் திருட்டுப் பிரதிக்குத்தான் ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. ஒரு தடவை விலை, ஒரு தடவை பணம் என்று விற்பதில் இவர்களுக்கு என்ன நஷ்டம்?

கடைசியாக அந்த ரீசார்ஜ் கடைக்காரர். மெமரி கார்டு காலம் போய்விட்டது. கடை இன்னும் இருக்கிறது. கம்ப்யூட்டரும் இருக்கிறது. ஊர் ஜனங்களின் நம்பிக்கையும் இருக்கிறது. போனில் எது கெட்டாலும் முதலில் அவரிடம்தான் ஓடுகிறார்கள். ரீசார்ஜ் விற்றால் அவருக்குக் கமிஷன் உண்டு. கூகுள் கடைக்கான ரீசார்ஜ் கோடும் இந்தியாவில் விற்பனைக்கு வந்திருக்கிறது. பத்து ரூபாய் ஆப்பை அவர் விற்றால் அவருக்கு ஒரு ரூபாய் என்று கம்பெனிகள் ஏற்பாடு செய்யட்டும். அன்று இருபது ரூபாய் வாங்கித் திருட்டுப் பிரதி ஏற்றியவரே, இன்று அசல் ஆப்பை ஏற்றிக் கொடுப்பார். பாங்குக் கணக்கைப் போனில் சேர்க்கப் பயப்படும் பாட்டிக்கும் அது வசதி. பத்து ரூபாய் நோட்டை நீட்டினால் போதும்.